சீலிங் டவுன்லைட்டும் ஹீட் புரூஃப் பஞ்சும்: கோளாறை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு ஓர் அறை எடுப்பார்கள். அடியில் ஜிப்சம் சீலிங் அடித்து, எட்டுப் பத்து டவுன்லைட் பதிப்பார்கள். முதல் சித்திரை வெயிலிலேயே அறை கொதிக்கும். உடனே சீலிங்குக்கு மேல் கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்பிவிடுவார்கள். வில்லாபுரம், ஆனையூர், திருநகர் என்று மதுரையைச் சுற்றி எங்கே போனாலும் இப்படி அறைகள் உண்டு. அடுத்த கோடைக்குள் லைட் விட்டுவிட்டு எரியும், அல்லது வளையத்தைச் சுற்றிப் பழுப்பு ஏறும், அல்லது மழைக்கு டிரிப் ஆகும். பழி லைட் கம்பெனி மேல் விழும். பாதிக்கு மேல் கோளாறுகளில் குற்றம் பஞ்சு கிடக்கும் இடத்தில்தான்.

குளிர் நாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள வெளி குளிர்ந்து கிடக்கும். வீட்டுச் சூடு மேலே போய்விடக் கூடாது என்பதற்காகச் சீலிங் மேல் பஞ்சைப் பரப்புகிறார்கள். லைட்டின் டிரைவரை, அதாவது எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டப்பாவை, பஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். நம் ஊரில் நடுப்பகலில் தகர ஷீட் 60 டிகிரியைத் தாண்டும். பஞ்சுக்கு மேல் உள்ள பொந்துதான் அடுப்பு. டிரைவரை மேலே தூக்கி வைத்தால் அடுப்பில் வைத்த மாதிரி. பஞ்சுக்கு அடியில் திணித்தால் அதன் சொந்தச் சூடே வெளியேறாமல் புழுங்கும். இரண்டும் கெடுதல்.

அதனால் ஷீட் கூரை என்றால் ஹீட் புரூஃப் பஞ்சு தகர ஷீட்டின் அடிப்பக்கம், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினோடு ஒட்டி இருக்க வேண்டும். சீலிங் மேல் கிடக்கக் கூடாது. அப்போது லைட்டும் டிரைவரும் வயரும் பஞ்சுக்குக் கீழே, அறைச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். லைட்டைச் சுற்றி இடைவெளி விடும் பிரச்சினையே வராது. சீலிங்கை ஏற்கெனவே அடித்து முடித்துவிட்டதால் பஞ்சு அங்கேதான் கிடந்தாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்குத்தான் கீழே வரும், லைட்டைச் சுற்றிப் பஞ்சைத் தடுக்கும் வேலி, இடைவெளிக் கணக்கெல்லாம்.

கான்கிரீட் தளம் உள்ள வீட்டில் சீலிங்குக்குள் பஞ்சே வேண்டாம். தட்டோடோ வெள்ளைக் கூல் டைல்ஸோ மேலே, மொட்டை மாடியில் போடுங்கள். தளத்துக்குள் சூடு இறங்கிய பிறகு அடியில் தடுப்பது வீண் செலவு.

கை வைப்பதற்கு முன்

மெயின் பெட்டியில் உள்ள லைன் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கினால் மட்டும் போதாது. பெரும்பாலான வீடுகளில் சீலிங் லைட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் அதே வயருக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைத்து, அதன் அவுட்புட் பிளக்கைப் பிடுங்கி, பிறகு டெஸ்டரை வைத்து இரண்டு வயரையும் பாருங்கள். முதலில் உயிருள்ள ஒரு பிளக் பாயிண்டில் டெஸ்டர் எரிகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு ஷீட்டுக்கு அடியில் ஆள் ஏறக் கூடாது. விடிந்ததும் தொடங்கி 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் 2009-10ல் அரசு மானியத்தோடு வீடுகளுக்கு ஹீட் புரூஃப் போடும் திட்டம் ஒன்று நடந்தது. அதில் நான்கு இளம் தொழிலாளிகள் இறந்தார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்கடியில் இருந்த வெப்பத்தால். மதுரை வெயிலுக்கு அந்த நான்காவது சாவு நினைவில் இருக்கட்டும்.

ஜிப்சம் போர்டில் கால் வைக்காதீர்கள். அது ஆளைத் தாங்காது. பல சமயம் ஏறவே தேவையில்லை. 6 அங்குல ஓட்டையில் லைட்டைக் கழற்றிவிட்டு, போனில் டார்ச் போட்டு வீடியோ ஓடவிட்டு, கையை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினால் பொந்து முழுக்கத் தெரிந்துவிடும். கண்ணாடி, என்95 மாஸ்க், முழுக்கைச் சட்டை கட்டாயம்.

லைட் எரிகிறது, அரை மணியில் அணைகிறது, ஆறியதும் திரும்ப எரிகிறது

இது டிரைவர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் அடையாளம். சுவிட்சிலோ வயரிலோ லூஸ் இருந்தால் இப்படி நேரக் கணக்கோடு வராது. கதவை அறைந்தாலும், பக்கத்து ஃபேன் ஓடினாலும் கண்சிமிட்டும்.

டிரைவர் டப்பா மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். டி-ஏ என்று போட்டு 45 அல்லது 50 டிகிரி இருக்கும். டப்பாவைச் சுற்றியுள்ள காற்று அதற்கு மேல் போகக் கூடாது என்று பொருள். டி-சி என்று ஒரு புள்ளி குறித்திருந்தால் அது டப்பாவின் மேல்தோல் தாங்கும் உச்சம். சுற்றிலும் உள்ள காற்றே 55 டிகிரி என்றால் டிரைவர் தாக்குப்பிடிக்காது. இதில் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அளந்து பாருங்கள். மீன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வைக்கும், ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியை டிரைவர் பக்கத்தில் தொங்கவிட்டு ஓட்டையை மூடி, லைட்டை இரண்டு மணி நேரம் எரியவிட வேண்டும். ஷீட் கூரையில் பகல் 1 மணியிலிருந்து 4 மணிவரை பாருங்கள். கான்கிரீட் தளத்துக்கு அடியில் என்றால் இரவு 7 மணிக்கு மேல்தான் பார்க்க வேண்டும். தகரம் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், தளம் நடுராத்திரிவரை கக்கிக்கொண்டிருக்கும். இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பளபளப்பான அலுமினியத்தை நேராக அளக்காதீர்கள், குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளவெடுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் டிரைவரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடிக்கடி அணையும் லைட்டின் டிரைவரைக் கழற்றி, கீழ்த்தளத்தில் நன்றாக எரியும் அதே மாடல் லைட்டில் போட்டு, அதனுடையதை இங்கே போடுங்கள். கோளாறு டிரைவரோடு கீழே போனால் டிரைவர் ஏற்கெனவே கெட்டுவிட்டது. அதே ஓட்டையிலேயே நின்றால் அந்த இடத்தில்தான் சூடு. மாற்றும்போது மில்லியாம்ப் அளவு ஒன்றாக இருக்கட்டும். கரண்ட் ஓடும்போது எல்.இ.டி. பின்னைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. சுமை இல்லாத டிரைவரில் வோல்டேஜ் மேலே ஏறி நிற்கும், செருகிய நொடியில் சிப் போய்விடும்.

சரிசெய்வது: லைட்டின் மேலேயும் சுற்றியும் உள்ள பஞ்சை எடுத்துவிடுங்கள். எல்.இ.டி.க்கு உடலைச் சுற்றி நாலா பக்கமும் 3 அங்குலமாவது வெற்றிடம் வேண்டும். மேலே எதுவும் மூடக் கூடாது. பஞ்சு சரிந்து திரும்ப மூடாமல் இருக்கத்தான் வேலி.

புதிதாகச் சீலிங் அடிக்கிறார்கள் என்றால் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு வெட்டு மிச்சத்தில் வேலி கட்டலாம். 6 அங்குல ஓட்டைக்கு உள்ளளவு ஓரடிச் சதுரம். துண்டு ஒவ்வொன்றும் 12½ அங்குல நீளம், 4 அங்குல உயரம். ஒன்றின் நுனி அடுத்ததன் பக்கவாட்டில் முட்டுகிற மாதிரி நான்கையும் நிறுத்தி ஜாயின்டிங் மாவால் ஒட்டுங்கள். முழு 4×6 அடி போர்டில் 60 துண்டு வரும், 15 லைட்டுக்குப் போதும். போர்டைத் தாங்கும் சீலிங் செக்‌ஷன் 18 அங்குலத்துக்கு ஒன்று ஓடுவதால், லைட் இரண்டு செக்‌ஷனுக்கு நடுவே விழுந்தால்தான் வேலி உட்காரும்; ஓட்டை போடுமுன் சீலிங்காரரிடம் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே மூடிய சீலிங்கில், அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்ட் மெஷ்ஷை 4 அங்குல அகலம் 40 அங்குல நீளத்துக்கு வெட்டி, சுருட்டி ஓட்டை வழியாக உள்ளே விட்டால் ஓரடி வளையமாக விரிந்துகொள்ளும். வெட்டிய கம்பி நுனிகளை மடக்கிவிடுங்கள், வயரைக் குத்தும்.

டிரைவர்? வேலிக்குள்ளேயே, லைட்டின் தலைமேல் படாமல், போர்டின் மேல் ஓரமாகப் படுக்க வைக்க வேண்டும். ஷீட் கூரையில் பொந்தின் அடிமட்டம்தான் கொஞ்சமாவது குளிர்ந்த இடம். இவ்வளவும் செய்த பிறகும் அளவு 50ஐத் தாண்டினால் வேலியால் பயனில்லை. பஞ்சை ஷீட்டுக்கு அடியில் மாற்றுவதுதான் வழி.

ஒவ்வொரு கோடைக்கும் இரண்டு மூன்று லைட் சாகிறது

மேலே சொன்னதன் மெதுவான வடிவம். டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 10 டிகிரி கூடினால் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது மின்னணுத் தொழிலில் பொதுக் கணக்கு. 25,000 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பது குறிப்பிட்ட சூட்டுக்கு. செத்த டிரைவரைத் திறந்து பாருங்கள்: கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் சூடு. ஃபியூஸ் ரெசிஸ்டர் கருகி மற்றதெல்லாம் புதுசாக இருந்தால் இடியோ வோல்டேஜ் ஏற்றமோ காரணம். அதற்கு சர்ஜ் புரொடெக்டர் வைக்க வேண்டும், பஞ்சை நோண்டிப் பலனில்லை.

வளையத்தைச் சுற்றி நிறம் மாறியிருக்கிறது

கறுப்பா, பழுப்பா என்று முதலில் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்தால் வருகிறதென்றால் அது புழுதி. ஆடிக் காற்றில் ஷீட் இடுக்கு வழியாக வரும் தூசி பொந்தில் அழுத்தத்தோடு நிறைந்து, லைட் வளையத்துக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள சந்தில் கசியும். வளையத்தின் ஒரே பக்கம் விசிறி விரித்த மாதிரி கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம். லைட்டைக் கழற்றி, வளையத்தின் பின்விளிம்பில் மெல்லிய ஃபோம் டேப் சுற்றிப் போட்டால் நின்றுவிடும். அதே டேப் கிளாஸ் வூல் இழை அறைக்குள் உதிர்வதையும் நிறுத்தும். ஹாலோஜனுக்கு ஃபோம் டேப் ஆகாது.

துடைத்தும் போகாத பழுப்பு, போர்டின் காகிதம் மொறுமொறுப்பாகி உரிகிறது என்றால் அது சூடு. ஜிப்சத்துக்குள் இயல்பாகவே ஐந்தில் ஒரு பங்கு நீர் கட்டுண்டு இருக்கிறது. நாள்பட்ட சூட்டில் அது வெளியேற, போர்டு மாவாகத் தொடங்கும். அந்த லைட்டை அன்றைக்கே நிறுத்துங்கள். வெந்த இடத்தை ஓரடிச் சதுரமாக வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்த பிறகுதான் லைட்.

பெரும்பாலும் அந்த ஓட்டையில் இருப்பது பழைய ஹாலோஜன்தான். பூஜை அறையிலும் கடை ஷோகேஸிலும் 12 வோல்ட் 50 வாட் குமிழ் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் பிரதிபலிப்பான் வெளிச்சத்தை மட்டும் கீழே விட்டு, சூட்டின் பெரும்பகுதியை முதுகுப் பக்கமாக, நேராகப் பொந்துக்குள் அனுப்பும்படி செய்யப்பட்டது. பஞ்சு ஏதும் இருந்தால் 8 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். எங்கள் தீர்ப்பு: ஹீட் புரூஃப் உள்ள சீலிங்கில் ஹாலோஜனே கூடாது. ஆனால் குமிழை மட்டும் 5 வாட் எல்.இ.டி.யாக மாற்றிப் பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவைக்காதீர்கள். பல டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறைந்தது 20 வாட் சுமை வேண்டும், இல்லாவிட்டால் மின்னிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரையும் கழற்றிவிட்டு, நேரடி 230 வோல்ட் டவுன்லைட் போடுங்கள்.

பிளாஸ்டிக் தீய்ந்த வாடை

மெயினையும் இன்வெர்ட்டரையும் உடனே அணையுங்கள். அன்று இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத கோளாறு இது ஒன்றுதான். அணைத்த பிறகும் வாடை கூடினாலோ புகை தெரிந்தாலோ வெளியே வந்து 101 அல்லது 112க்குக் கூப்பிடுங்கள்.

ஆறிய பிறகு தேட வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது இணைப்பு. இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி விட்ட இணைப்பில், சூட்டுக்கு டேப்பின் பசை இளகி, டேப் தானாகவே பிரிந்து வால் மாதிரித் தொங்கும். உள்ளே செம்பு கறுத்திருக்கும். கறுத்த பகுதியை வெட்டி, பளபளக்கும் செம்பு வரும்வரை சீவி, திருகு கனெக்டரிலோ லீவர் கனெக்டரிலோ போட்டு, மூடியுள்ள பி.வி.சி. பெட்டிக்குள் அடையுங்கள். பெட்டி பஞ்சுக்கு அடியில் புதையக் கூடாது.

இரண்டாவது தெர்மாகோல். மலிவு என்று சீலிங்குக்கு மேல் பரப்பியிருப்பார்கள். அது 80 டிகிரி வாக்கில் இளகிச் சுருங்கும். தீப்பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். இன்னொரு தொல்லை சூடே இல்லாமல் நடக்கும்: பி.வி.சி. வயரைத் தெர்மாகோல் தொட்டுக்கொண்டே இருந்தால், வயரை வளைய வைக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் தெர்மாகோலுக்குள் இறங்கும். தெர்மாகோலில் வயர் பள்ளம் பறித்துக்கொண்டு ஒட்டிக் கிடக்கும், வயரின் தோல் விறைத்து வளைத்தால் வெடிக்கும். அப்படிப்பட்ட வயரை மாற்றுங்கள். தெர்மாகோலை எடுத்துவிட்டு ராக் வூல் என்ற கல் இழைப் பஞ்சு போடுங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மி.மீ. தடிமன் போதும். சதுர மீட்டருக்கு 2.4 கிலோதான் எடை, சீலிங் தாங்கும். கல் இழை எரியாது என்பதற்காக லைட்டை அதால் மூடலாம் என்று நினைக்க வேண்டாம். பஞ்சு தீப்பிடிக்காது, உள்ளே லைட் வெந்து சாகும்.

மூன்றாவது ஏ.சி. வயர். டவுன்லைட் எட்டும் சேர்ந்து அரை ஆம்ப் இழுக்கும், அதன் வயருக்குப் பஞ்சால் ஆபத்து இல்லை. அதே பஞ்சுக்குள் ஏ.சி.க்குப் போகும் 2.5 சதுர மி.மீ. வயர்தான் அபாயம். அரை மீட்டருக்கு மேல் பஞ்சுக்குள் முழுதாகப் புதைந்தால் வயரின் தாங்குதிறன் பாதியாகும். சுற்றுச்சூடு 60 டிகிரி என்றால் சாதாரண பி.வி.சி. வயருக்கு இன்னொரு பாதி போய்விடும். பைப்புக்குள் 24 ஆம்ப் தாங்கும் வயர் 6 ஆம்ப்புக்கு வந்து நிற்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. 7, 8 ஆம்ப் இழுக்கும். எம்.சி.பி. 16 ஆம்ப்பில் இருப்பதால் அது விழாது, வயர்தான் வேகும். அந்த வயரைச் சுவரோரமாகப் பஞ்சுக்கு வெளியே திருப்புங்கள்.

பஞ்சு போட்டும் அறை சுடுகிறது

10×12 அடி அறையில் எட்டு லைட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுர அடி வேலி என்றால் 120இல் 8 சதுர அடி பொத்தல். பஞ்சு இல்லாத போர்டு 50 மி.மீ. பஞ்சுள்ள இடத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு சூட்டை இறக்கும். மொத்தத்தில் 20 சதவீதம் கூடுதல் சூடு. எட்டு லைட் தேவையா என்று யோசியுங்கள். நான்கை எடுத்துவிட்டு, போர்டுக்கு அடியில் ஒட்டும் சர்ஃபேஸ் லைட் போட்டால் ஓட்டையே வேண்டாம். ஷீட்டின் அடியில் பஞ்சு போடுவோருக்கு இந்தக் கணக்கே இல்லை.

அப்படிப் போடும்போது ஃபாயில் ஒட்டிய கிளாஸ் வூலை, ஃபாயில் கீழே பார்க்கும்படி வையுங்கள். மேலே பார்த்தால் ஒரே வருடத்தில் புழுதி படிந்து பளபளப்பு போய்விடும். பர்லினுக்குப் பர்லின் ஜி.ஐ. கம்பி கட்டியோ கோழிவலை அடித்தோ தாங்கலாம். ஷீட்டோ பர்லினோ ஸ்க்ரூ வாங்கும் இடத்தில் அடியில் வயர் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். ஃபாயில் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு ஸ்டேப்பிள் வயரைக் குத்தினால் கூரை முழுக்க ஷாக். ஆஸ்திரேலியச் சாவுகளில் ஃபாயிலை ஸ்டேப்பிள் அடித்தபோது நேர்ந்ததும் உண்டு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதில் துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள். பர்லினில் மட்டும் கட்டுங்கள்.

முகட்டிலும் இறவாரத்திலும் காற்றுப்போக வழி விட்டு, கால் அங்குலக் கம்பி வலையால் மூடுங்கள். வலை இல்லாவிட்டால் அணில் கூடு கட்டும், கட்டிய கையோடு வயரையும் கொறிக்கும்.

அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது

பஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது

கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி. ஐப்பசி மழையில் முதல் நாள் ஒன்றும் ஆகாது, மூன்றாம் நாள் விழும். ஷீட் ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். சொட்டும் நீரைப் பஞ்சு குடித்துக்கொண்டே இருந்து, இணைப்புப் பெட்டியை எட்டும்போதுதான் 30 மில்லியாம்ப் கசிவு வரும். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் விழுவதற்கும் அதுவே காரணம்.

லைட் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை மட்டும் இறக்கி ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிப் பாருங்கள். நின்றால் கோளாறு அந்தச் சர்க்யூட்டில்தான். விழுந்தாலும் அங்கே கோளாறு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் எம்.சி.பி. இறக்கியும் விழும். நியூட்ரல் பட்டையில் அந்தச் சர்க்யூட்டின் வயரையும் கழற்றிச் சோதிக்க வேண்டும், இது எலக்ட்ரீஷியன் வேலை. ஆர்.சி.சி.பி.யை ஒதுக்கி நேராகக் கொடுத்து ஓட்டச் சொல்பவர் வந்தால் அவரைத் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு சீலிங்கின் தொய்ந்த இடத்தைக் கையால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் கேட்கும் இடத்துக்கு மேல்தான் நனைந்த பஞ்சு. பக்கத்து லைட்டைக் கழற்றி அதை வெளியே இழுத்துவிடுங்கள். நனைந்து அமுங்கிய கிளாஸ் வூல் காய்ந்தாலும் பழைய தடிமனுக்கு வராது, புதிதுதான் போட வேண்டும். வாஷரை மாற்றி, ஷீட் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டு விழவில்லை என்று பார்த்த பிறகே புதுப் பஞ்சை வாங்குங்கள்.